‘அன்ன’ என்னும் ஒரு சொல்: பிழையறிதல் குறித்துத் திருக்குறள் 655உம் சிலப்பதிகாரத்துப் பாண்டியர் மூவரும்

ஆய்வுச் சுருக்கம்

செய்த பிழையிலிருந்து கற்றல் என்னும் கருத்திற்குத் தமிழில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது வினைத்தூய்மை அதிகாரத்துக் குறள் (655). இக்குறளின் பிற்பகுதிக்குப் பரிமேலழகர் கொண்ட பொருளும் இக்காலத் தெளிவுரைகள் கொண்ட பொருளும் வேறு வேறானவை. பிழை செய்தபின் இரங்கிக்கொண்டிராதே என்பது முன்னது. அத்தகைய பிழையை மீண்டும் செய்யாதே என்பது பின்னது. இவ்வேறுபாடு ‘அன்ன’ என்னும் சொல் எதனைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்தது. அச்சொல் ஒரு தனிச் செயலைச் சுட்டாமல் செயலின் வகையைச் சுட்டுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதனை அளவுகோலாகக் கொண்டு, சிலப்பதிகாரத்தில் பிழைக்குப் பின் மூன்று பாண்டிய மன்னர்கள் எடுக்கும் முடிவுகள் திறனாயப்படுகின்றன. பிழையின் வகையைச் சரியாக இனங்காணாதவிடத்துத் திருந்தும் முயற்சியே மற்றொரு பிழையாக மாறக்கூடும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: திருக்குறள், பரிமேலழகர், வினைத்தூய்மை, சிலப்பதிகாரம், கட்டுரை காதை, முறைசெய்தல், முடிவெடுத்தல்.

1. முன்னுரை

அறநூல்கள் பெரும்பாலும் செயலுக்கு முன் நின்று பேசுகின்றன. இன்னது செய்க, இன்னது தவிர்க என்பதே அவற்றின் பொதுவான கூற்றுமுறை. செயல் முடிந்து, அது பிழையென்று தெரிந்தபின் மனிதன் என்ன செய்யவேண்டும் என்னும் வினாவுக்கு அவை தரும் இடம் குறைவு. திருக்குறளிலும் தெரிந்துசெயல்வகை (47) முதலிய அதிகாரங்கள் முன்னெண்ணத்தையே வலியுறுத்துகின்றன. துணிந்தபின் எண்ணிக்கொள்ளலாம் என்பதைக் குற்றமெனக் கூறும் 467ஆம் குறள் பலரும் அறிந்தது. ஆயினும் எண்ணித் துணிந்தவரும் பிழை செய்கின்றனர். அவருக்கு வள்ளுவம் கூறுவது யாது என்று தேடும்போது வினைத்தூய்மை அதிகாரத்தின் ஐந்தாம் குறள் முன்னிற்கிறது.

இக்குறள் மேடைகளிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் “ஒருமுறை செய்த தவற்றை மறுமுறை செய்யாதே” என்னும் எளிய அறிவுரையாக வழங்கி வருகிறது. அவ்வறிவுரையில் பிழையில்லை, அது போதுமானதா என்பதே வினா. மறுமுறை செய்யாதிருக்க வேண்டுமாயின் செய்தது எத்தகையது என்று தெரிந்திருக்க வேண்டும். இடையிலுள்ள இந்த அறிதற்செயலைக் குறளின் சொல்லமைதியிலிருந்தே வெளிக்கொணர இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதனைச் சோதிக்கும் களமாகச் சிலப்பதிகாரம் கொள்ளப்படுகிறது. அரசியலில் பிழைத்தோரை அறமே கூற்றுவனாக நின்று ஒறுக்கும் என்பதைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாக அக்காப்பியத்தின் பதிகம் அறிவிப்பதால், இவ்வாய்வுக்கு அது பொருந்திய களமாகிறது.

2. இரு உரைநெறிகள்

655ஆம் குறளின் முற்பகுதியில் கருத்து வேறுபாடு இல்லை. ‘என்ன செய்துவிட்டோம்’ என்று பின்னர்த் தானே இரங்கும்படியான செயல்களைச் செய்யலாகாது என்பது அதன் பொருள். ஒருகால் செய்துவிட்டால் என்று தொடரும் பிற்பகுதியிலேயே வழிகள் பிரிகின்றன.

பரிமேலழகர், ஒருவன் மயங்கி அத்தகைய வினைகளைச் செய்துவிடின் பின்பு இருந்து அவ்விரங்கல்களைச் செய்யாதொழிதல் நன்று எனப் பொருள் கொள்கிறார். அவருரைப்படி ‘அன்ன’ என்பது இரங்குதலைச் சுட்டும். மு. வரதராசனார் தம் தெளிவுரையில், மீண்டும் அத்தன்மையானவற்றைச் செய்யாதிருத்தல் நல்லது என்று பொருள் தருகிறார். இங்கு ‘அன்ன’ என்பது இரங்கத்தக்க செயல்களைச் சுட்டும். கலைஞர் மு. கருணாநிதியின் உரையும் இந்நெறியிலேயே செல்கிறது; எனினும் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. ‘அத்தன்மையானவை’ என்று மு.வ. பன்மையில் வகையாகக் கூறியதை, அச்செயலை மீண்டும் தொடராதிருத்தல் என்று ஒருமையில் தனிச்செயலாக அது குறிக்கிறது.

ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் இப்பிளவு காணப்படுகிறது. துருவால் முதல் 63 அதிகாரங்கள் வரை செய்யப்பட்ட மொழிபெயர்ப்பை நிறைவுசெய்து 1885இல் வெளியிட்ட ஜான் லாசரஸ், இக்குறளுக்கு இரங்காமை நன்று என்னும் பொருளைத் தருகிறார். அது பரிமேலழகரின் வழி. அடுத்த ஆண்டே, 1886இல், ஜி. யு. போப் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இனிப் பிழை செய்யாதிருத்தல் நன்று என்னும் பொருளைத் தருகிறது. ஓராண்டு இடைவெளியில் ஒரே குறள் ஆங்கில வாசகருக்கு இருவேறு அறிவுரைகளாகச் சென்று சேர்ந்தது. ஒன்று மனநிலையைப் பற்றியது; மற்றொன்று ஒழுக்கத்தைப் பற்றியது.

3. சொல்லமைதி

‘இரங்குவ’ என்பது பலவின்பால் வினையாலணையும் பெயர். இரங்கப்படும் செயல்களைக் குறிப்பது. ‘அன்ன’ என்பதும் பலவின்பாலுக்கு உரியதே. அத்தன்மையன என்பது அதன் பொருள். முன்னுள்ள பலவின்பாற் பெயரைப் பின்னுள்ள பலவின்பாற் சொல் சுட்டுவதே இயல்பான தொடரமைதி. பரிமேலழகர் கொண்ட பொருளுக்கு ‘இரங்குவ’ என்பதனுள் அடங்கிய இரங்குதல் என்னும் தொழிலைப் பிரித்தெடுத்து, அதனையே பன்மையாக்கிச் சுட்டவேண்டியுள்ளது. இது இயலாததன்று, எனினும் வலிந்து கொள்ளவேண்டியது. ஆகவே சொல்லமைதி நோக்கில் இக்காலத் தெளிவுரைகளின் பக்கமே வலுவுடையது எனலாம்.

பரிமேலழகர் அவ்வாறு வலிந்து பொருள் கொள்ளவேண்டிய தேவை யாது? ஒரு காரணத்தை ஊகிக்க இடமுண்டு. முற்பகுதி ‘செய்யற்க’ என்று விலக்கிவிட்டது. பிற்பகுதியும் ‘செய்யாமை நன்று’ என்று அதனையே கூறுமாயின் கூறியது கூறலாகத் தோன்றும். செய்யற்க என்னும் கட்டளையை மீறியவனுக்கு அதே கட்டளையை மீண்டும் தருவதில் புதுமை இல்லை. ‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்கு வினைமாற்று, அசைநிலை என்னும் இரு பொருள்களைத் தொல்காப்பிய இடையியல் கூறுகிறது. அதனை வினைமாற்றாகக் கொள்ளின், முன் கூறியதிலிருந்து வேறொரு கருத்துக்குக் குறள் திரும்புகிறது என்று கொள்ளவும் இடமுண்டு. அவ்வேறு கருத்தைத் தேடிய உரையாசிரியர் இரங்காமையைக் கண்டார் எனலாம்.

கூறியது கூறல் என்னும் இத்தடையை வேறு வழியிலும் நீக்கலாம். முற்பகுதி விலக்குவது ‘இரங்குவ’வற்றை. பிற்பகுதி விலக்குவது ‘அன்ன’வற்றை. இரண்டும் ஒன்றாயின் ‘அவை’ என்றே கூறியிருக்கலாம். ‘அவை’ செய்த செயல்களையே சுட்டும். ‘அன்ன’ அவற்றை ஒத்த பிறவற்றையும் தழுவும். பிழைக்கு முன்னிருப்பவனிடம் இரங்கத்தக்கன செய்யாதே என்று மட்டுமே கூற இயலும்; எவை இரங்கத்தக்கன என்பதை அவன் இன்னும் பட்டறியவில்லை. பிழைத்தவனோ ஒன்றைப் பட்டறிந்தவன். அவனிடம் மட்டுமே ‘இதுபோன்றவற்றை’ என்று சுட்டிக் கூற முடியும். அவன் கையில் இப்போது ஒரு மாதிரி உள்ளது. எனவே பிற்பகுதி முற்பகுதியைத் திரும்பக் கூறவில்லை. பிழையால் பெற்ற அறிவைப் பயன்படுத்துமாறு பணிக்கிறது. இவ்வாறு கொள்ளின் மு.வ.வின் ‘அத்தன்மையானவை’ என்னும் சொல்லாட்சி குறளின் நுட்பத்தைக் காத்துள்ளது என்பதும், ‘அச்செயல்’ என்னும் ஒருமை அதனை நழுவவிட்டுள்ளது என்பதும் புலனாகும்.

4. இரங்கலும் அளத்தலும்

அவ்வாறாயின் பரிமேலழகரின் உரையைத் தள்ளிவிடலாமா? அதனைச் சொற்பொருளாக ஏற்க இயலாவிடினும், கருத்து நிலையில் அது ஒரு தேவையை நிறைவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பிழைக்கும் அதன் வகையை அறிதற்கும் இடையே நிற்கும் பெருந்தடை இரங்கலே. தன்னை நொந்துகொண்டிருப்பவன் செய்த செயலை நோக்குவதில்லை. செய்த தன்னையே நோக்கிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு எதிராகக் குற்றங்கடிதல் அதிகாரத்துக் குறள் ஒன்றைக் (433) காட்டலாம். பழிக்கு நாணுவோர் தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கொள்வர் என்கிறது அது. பிழையைப் பெரிதாக எண்ணுமாறு கூறும் நூல் அதற்கு இரங்காதே என்று கூறுமா? இரண்டிற்கும் முரணில்லை என்றே தோன்றுகிறது. 433 கூறுவது ஓர் அளவீட்டை: குற்றத்தின் அளவைக் குறைத்து மதியாமல், அதன் விளைவு வளரக்கூடிய எல்லைவரை கண்டு மதித்தல். அளப்பவன் பொருளை நோக்குகிறான். இரங்குபவன் தன் துயரை நோக்குகிறான். முன்னது அடுத்த முடிவுக்கு உதவும். பின்னது அடுத்த முடிவைத் தள்ளிப்போடும். ஆகவே பரிமேலழகரின் இரங்காமையை ‘அன்ன’வற்றை அறிவதற்குரிய முன்நிலையாகக் கொண்டால், இரு உரைநெறிகளும் ஒரே செயற்பாட்டின் இரு படிகளாக அமைகின்றன.

5. சிலப்பதிகாரத்தில் மூன்று எதிர்வினைகள்

சிலப்பதிகாரத்தில் தம் ஆட்சியில் நேர்ந்த பிழையை எதிர்கொள்ளும் பாண்டியர் மூவர் உளர். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் வார்த்திகன் நிகழ்ச்சியின் மன்னன் ஒருவன். வழக்குரை காதையின் நெடுஞ்செழியன் ஒருவன். அவனுக்குப்பின் மதுரை ஆட்சியை ஏற்ற கொற்கையின் வெற்றிவேற் செழியன் மற்றொருவன். மேற்கண்ட அளவுகோலால் இம்மூவரின் முடிவுகளையும் நோக்கலாம்.

5.1 வார்த்திகன் வழக்கு

தங்கால் என்னும் ஊரினன் வார்த்திகன். அவன் மகன் தக்கிணாமூர்த்தி மறையைப் பிழையின்றி ஓதக் கண்டு மகிழ்ந்த பராசரன் என்பான், தான் சேரனிடம் பெற்ற செல்வத்திலிருந்து அணிகலன்களை அச்சிறுவனுக்கு அளித்துச் சென்றான். ஏழை வீட்டில் திடீரெனத் தோன்றிய அணிகலனைக் கண்டு பொறாத அரசப் பணியாளர், புதையலைக் கவர்ந்தவன் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புரண்டு அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாதாயிற்று.

மன்னன் செய்தவற்றை வரிசைப்படுத்திக் காண்பது பயன்தரும். முதலில், முறை தவறியது எங்கே என்று வினவினான். உண்மை தெரிந்தபின் பணியாளர்மேல் பழிசுமத்தி விலகாமல், அறியா மாந்தரால் தன் ஆட்சி முறை தவறியது என்று வார்த்திகனிடமே பொறுத்தல் வேண்டினான். தங்காலோடு வயலூரையும் அளித்து இழப்பை ஈடுசெய்தான். நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். இறுதியாக, சிறைப்பட்டோரை விடுவித்து, புதையல் முதலியன கண்டெடுத்தவர்க்கே உரியன என்று நாடெங்கும் முரசறைவித்தான்.

ஐந்தாவதான இச்செயலே கருதத்தக்கது. மற்ற நான்கும் வார்த்திகனுக்குரியவை. ஐந்தாவது இன்னும் பிழைக்கப்படாதவர்களுக்குரியது. புதையல் அரசனுடையது என்னும் விதியே பணியாளரின் ஐயத்திற்கு இடமளித்தது. மன்னன் அவ்விடத்தை அகற்றினான். இரங்கல் இங்கு உண்டு. ஆனால் அது வணக்கத்தோடு முடிந்து ஆணையாக மாறிவிட்டது.

எனினும் அவன் கண்ட வகை முழுமையானதா? புதையல் குறித்த ஐயத்தை அவன் ஒழித்தான். கையில் பொருள் இருப்பதே களவுக்குச் சான்று என்னும் எண்ணத்தை ஒழிக்கவில்லை. விதி மாறியது, ஆராயும் முறை மாறவில்லை. மதுராபதி இதனைக் கண்ணகியிடம் முன் நிகழ்ந்ததாகவே கூறுவதால், இக்குறை கோவலன் கொலையோடு தொடர்புபடுத்திக் காணத்தக்கதாகிறது.

5.2 நெடுஞ்செழியன்

கொலைக்களக் காதையில் நெடுஞ்செழியன் அரசியின் ஊடல் தீர்க்க விரையும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். மன்னன் காவலர்க்கு இட்ட ஆணை நிபந்தனை உடையது: சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொண்டுவருக. நிபந்தனை இருப்பதால் இது ஆராய்ந்த ஆணைபோலத் தோன்றுகிறது. ஆயினும் அந்நிபந்தனை கள்வனையும் உரியவனையும் பிரித்தறிய உதவாதது. விற்கச் சென்றவன் கையிலும் சிலம்பு இருக்கும். திருடியவன் கையிலும் இருக்கும். வார்த்திகன் வழக்கில் இருந்த அதே அளவுகோல், புதையல் என்னும் பெயர் நீங்கிக் களவு என்னும் பெயரில் மீண்டும் செயற்பட்டது. இதுவே ‘அன்ன’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு.

இப்பிழையைத் தடுக்கும் வாய்ப்பும் களத்தில் இருந்தது. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்று ஐயுற்றனர். பொற்கொல்லன் கள்வர்க்குரிய மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் அடுக்கி, நூலறிவு போலத் தோன்றும் பேச்சால் அவர்தம் ஐயத்தை அடக்கினான். முடிவில் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் வழக்கை முடித்தது. ஐயம் எழுந்தது; அதனை மன்னனிடம் கொண்டுசெல்லும் வழி இருக்கவில்லை. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் என்னும் 448ஆம் குறளுக்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் மன்னன் தன்னை அரசனென்று கூறத் தகாதவனாக, கள்வன் தானே என்று தீர்ப்பளித்து வீழ்ந்து இறந்தான். காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் இம்மறைவை, வளைந்த கோலை உயிர்நீத்து நிமிர்த்திய செயலாகப் போற்றுகிறான். உரையாளரும் திறனாய்வாளரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றுள்ளனர். பொறுப்பைப் பிறர்மேல் தள்ளாமல் ஒரு கணத்தில் ஏற்றுக்கொண்ட அவன் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிழையிலிருந்து கற்றல் என்னும் நோக்கில் அம்மரணம் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றது. கண்ணகியிடம் பொறுத்தல் வேண்ட ஆளில்லை. ஐயுற்ற காவலரை அழைத்து வினவ ஆளில்லை. இனி இவ்வாறு நிகழாதிருக்க என்ன ஆணை என்று முரசறைய ஆளில்லை. மன்னன் மறைந்தபின்னும் நகர் எரிந்தது. பிழையை முழுமையாக உணர்ந்த ஒரே உள்ளம் அவ்வுணர்வோடே அழிந்தது. இரங்கலின் உச்சம் இறப்பு எனில், பரிமேலழகரின் எச்சரிக்கை இவ்விடத்தில் தன் முழுப்பொருளைப் பெறுகிறது.

5.3 வெற்றிவேற் செழியன்

நெடுஞ்செழியனுக்குப் பின் பாண்டிய நாடு மழையின்றி வறுமையும் வெப்புநோயும் உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று பலியிட்டு விழாவெடுக்க நாடு நலம்பெற்றது என உரைபெறு கட்டுரை கூறுகிறது. நீர்ப்படைக் காதையிலும் மாடலன் இதனைச் செங்குட்டுவனிடம் கூறுகிறான். காப்பியம் இதனைத் தெய்வத்திற்குச் செய்த சாந்தியாகவே காட்டுகிறது. பத்தினி வழிபாட்டு வரலாற்றின் ஒரு கூறாக இதனை விளக்குவது வழக்கம். முடிவெடுத்தல் நோக்கில் இது தனித்த கவனம் பெறவேண்டும்.

வெற்றிவேற் செழியனும் பிழையிலிருந்து கற்க முயன்றவனே. அவன் வாளாவிருக்கவில்லை, இரங்கி அழிந்துவிடவும் இல்லை. ஆனால் பிழையின் வகையை அவன் இனங்கண்ட முறை வேறு. ஒரு பொற்கொல்லன் பொய் கூறினான். ஆகவே பிழை பொற்கொல்லரிடம் உள்ளது. இம்முடிவில் ‘அன்ன’ என்பது செயலின் வகையாக இல்லாமல் ஆட்களின் வகையாக மாறிவிட்டது. முன்னவன் ஆராயாமல் ஒருவனைக் கொன்றான். பின்னவன் அதற்குக் கழுவாயாக ஆயிரவரைக் கொன்றான். அவர்களுள் எவர்மேலும் வழக்கு நிகழ்ந்ததாகக் காப்பியம் கூறவில்லை. இரங்கத்தக்க செயல் ஆயிரம் மடங்காகத் திரும்ப வந்தது. அதுவும் திருத்தம் என்னும் பெயரில் வந்தது.

வெருவந்தசெய்யாமை அதிகாரத்தின் முதற்குறள் (561) ஒறுத்தலுக்கு மூன்று வரையறைகளைத் தருகிறது: தக்கவாறு ஆராய்தல், மீண்டும் நிகழாதிருத்தலை நோக்கமாகக் கொள்ளுதல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல். வெற்றிவேற் செழியனிடம் இரண்டாவது நோக்கம் ஒருவேளை இருந்திருக்கலாம். முதலாவதும் மூன்றாவதும் இல்லை. மீண்டும் நிகழாமை என்னும் நோக்கம் மட்டும் தனித்து நின்றால் அது எத்தகைய கொடுமைக்கும் இடந்தரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

6. வகையறிதற்கு வள்ளுவம் தரும் துணைகள்

பிழையின் வகையை எவ்வாறு சரியாக இனங்காண்பது? ஒரே குறளில் இதற்கு விடையில்லை. பல அதிகாரங்களில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளைத் தொகுத்துக் காணவேண்டும்.

முதலாவது, பிழையின் திசை. செய்யத்தகாதன செய்தலாலும் கெடும். செய்யத்தக்கன செய்யாமையாலும் கெடும் என்கிறது 466. கோவலன் கொலையைச் செய்த பிழையாகவே நாம் காண்கிறோம். அதனுள் செய்யாத பிழையும் உண்டு: வினவாமை. வெற்றிவேற் செழியன் முன்னதை மட்டும் கண்டு அதற்குரிய ஆளைத் தேடினான். பின்னதைக் கண்டிருப்பின் அவன் தேடவேண்டியது ஒரு நெறிமுறையை.

இரண்டாவது, நோக்கின் ஒழுங்கு. தன் குற்றத்தை நீக்கியபின் பிறர் குற்றம் காண்பானாயின் மன்னனுக்கு யாது குற்றமுண்டாகும் என்று வினவுகிறது 436. இங்குள்ள முன்பின் வரிசை முதன்மையானது. வார்த்திகன் வழக்கின் மன்னன் இவ்வரிசையைக் காத்தான். வெற்றிவேற் செழியன் அரசின் குற்றத்தைக் கடந்து நேரே பிறரிடம் சென்றான்.

மூன்றாவது, வினையின் உள்ளியல்பு அறிந்தவனிடம் கேட்டல். ஒரு வினையைச் செய்பவன் கொள்ளவேண்டிய முறை, அவ்வினையின் உள்ளறிவானின் கருத்தைத் தான் கொள்ளுதல் என்கிறது 677. சிலம்பு வழக்கில் உள்ளறிந்தவர் கோவலனின் தோற்றத்தை நேரில் கண்டு ஐயுற்ற காவலர். அவர்களை எவரும் பின்னர் வினவியதாகத் தெரியவில்லை.

நான்காவது, நினைவின் காலம். இகழ்ச்சியால் கெட்டவர்களைத் தம் மகிழ்ச்சியில் செருக்குறும்போது நினைக்கவேண்டும் என்கிறது 539. பிறர் பிழையை அவர் துன்பத்தின்போது எண்ணிப் பார்ப்பது எளிது. நாம் நலமாக இருக்கும்போது எண்ணுவதே பயன்தரும். வார்த்திகன் வரலாறு பாண்டியர் நினைவில் இருந்தது. மதுராபதி அதனை விரிவாகக் கூறுவதே சான்று. ஆனால் அது அம்மரபின் பெருமையாக நினைவுகூரப்பட்டதேயன்றி எச்சரிக்கையாக நினைவுகூரப்படவில்லை. பாண்டியரின் செங்கோன்மையை நிலைநாட்டத் தெய்வம் கூறும் அக்கதையே, அதே வகைப் பிழை அவ்வரசில் முன்பும் நேர்ந்தது என்பதற்குச் சான்றாகவும் அமைந்துவிடுகிறது.

7. ஒரு மறுப்பும் விடையும்

சிலப்பதிகாரம் ஊழ்வினையை அடிப்படையாகக் கொண்ட காப்பியம். அதனில் முடிவெடுத்தலின் நிறைகுறைகளைத் தேடுவது பொருந்தாது என்று மறுக்கலாம். கோவலன் கொலைக்குக் காரணம் முற்பிறப்பு வினை என்று மதுராபதியே கூறுகிறது. இம்மறுப்பு வலுவானது. எனினும் அம்முற்பிறப்பு வினை யாது என்று நோக்கவேண்டும். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரில் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்து அரசப்பணியில் இருந்தான். பொருள் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று பற்றி மன்னனுக்குக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் வந்து பற்றியது.

வேற்றூரிலிருந்து பொருள் விற்க வந்தவன்; ஆராயாத குற்றச்சாட்டு; அரசாணையால் கொலை; நியாயம் கேட்டு அலறும் மனைவி. சங்கமனின் கதை கோவலனின் கதையை அப்படியே ஒத்தது. ஆகவே ஊழ் என்று காப்பியம் கூறுவதும் ஒரே வகைப் பிழையின் தொடர்ச்சியாகவே உருப்பெற்றுள்ளது. சங்கமன், வார்த்திகன் ஆகிய இருவர் கதையும் கட்டுரை காதை ஒன்றிலேயே இடம்பெற்றிருப்பது, இவ்வொப்புமையைக் கேட்போர் உணரவேண்டும் என்னும் குறிப்புடையதாகவே தோன்றுகிறது. ஊழை ஏற்பவரும், ஊழ் எந்த வாயிலின் வழியே நுழைகிறது என்று கேட்கலாம். அவ்வாயில் ஆராயாமை.

8. முடிவுரை

655ஆம் குறளின் ‘அன்ன’ என்னும் சொல் செய்த செயலின் வகையைச் சுட்டுகிறது என்பதும், இரங்காமை என்னும் பரிமேலழகரின் பொருள் அவ்வகையை அறிவதற்குத் தேவையான மனநிலையைத் தருகிறது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பட்டன. வார்த்திகன் வழக்கின் மன்னன் வகையைக் குறுக்கிக் கண்டான். ஆகவே அவன் திருத்தம் நல்லதாயினும் அடுத்த பிழையைத் தடுக்கவில்லை. நெடுஞ்செழியன் பிழையின் அளவை உணர்ந்தான்; வகையைக் காணும் காலத்தைத் தனக்கு அளித்துக்கொள்ளவில்லை. வெற்றிவேற் செழியன் வகையை மாற்றிக் கண்டான்; ஆகவே திருத்தமே பெரும்பிழையாயிற்று.

இம்முடிபு ஆய்வுலகினராகிய நமக்கும் தொலைவானதன்று. ஆய்வேட்டின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் சேர்க்கிறோம். அப்பட்டியல் ‘அவை’யைத் திருத்தும், ‘அன்ன’வற்றைத் திருத்தாது. மூலத்தைக் காணாமல் பிறர் நூலிலிருந்து எடுத்தாண்ட மேற்கோள் ஒன்று தவறென நெறியாளர் சுட்டும்போது அம்மேற்கோளைத் திருத்திவிட்டு, அதே முறையில் எடுத்தாண்ட ஏனையவற்றை அப்படியே விட்டுவிடுவது நம்மிடையே அரிதன்று. இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டு வரைவிலும் அது நிகழ்ந்தது. 655ஆம் குறளுக்கு ஒரே உரையை மட்டும் கண்டு எழுதிய பத்தி அடிக்கப்பட்டபின், உரைவேறுபாடு காணாமல் பொருள் கூறப்பட்ட ஏனைய குறள்களையும் மீண்டும் நோக்கவேண்டியதாயிற்று. இக்கட்டுரை அம்மீள்நோக்கில் விளைந்தது.

மாணவரொருவர் தவறும்போதும், அலுவலகத்தில் ஒரு கோப்பு பிழைபடும்போதும், ‘யார்’ என்னும் வினா நம் நாவில் விரைந்து எழுகிறது. அவ்வினாவுக்கு விடை கிடைத்ததும் வழக்கு முடிந்ததாகக் கருதுகிறோம். வள்ளுவரின் சொல் வேறொரு வினாவைக் கேட்கப் பணிக்கிறது: இது எத்தகையது? இதுபோன்றவை வேறு எவை? பொற்கொல்லன் ஒருவனின் பொய்க்கு ஆயிரவர் உயிரை ஈடாகக் கொண்ட காலத்தில் இவ்வினா கேட்கப்படவில்லை. திருக்குறள் உரைவேறுபாடுகளைச் சொற்பொருள் நிலையில் மட்டும் நிறுத்தாமல், அவை காட்டும் செயல்நெறிகளைக் காப்பிய நிகழ்ச்சிகளோடு பொருத்தி ஆராய்வது மேலும் பல அதிகாரங்களுக்கு விரிக்கத்தக்கது.